நான் தூக்கச் சொன்ன கேள்வி

எண்ணெய் ப்ராஜெக்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் பாக்கியம் என்கிற நான் சொல்லிக்கொள்வது. நான் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. என்னை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் நீங்கள் தூக்கிக்கொண்டு போகிற ஒவ்வொரு கேனின் மூடியிலும் இருக்கும் படம் நான் போட்டது. நண்டு, குடை, மணி, ஏணி. எந்தக் கேன் எந்தக் கிச்சனிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. நம்பர் போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டிருக்கலாம். எனக்கு நம்பர் மறக்கும், நண்டு மறக்காது.

எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு படிப்பேன், அதற்கு மேல் சரஸ்வதி என் பக்கம் திரும்பவில்லை. ஆகவே மரைன் ஹில்லில் என் வீட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கீழே கப்பல் வருவதையும் போவதையும் பார்த்தபடி போனிடம் சொல்கிறேன். அது எழுதிக்கொள்கிறது. ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மா திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். என் பெருமையை மட்டும் குறைக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

பெருமை எனக்கு இருக்கத்தான் இருக்கிறது. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் இருபது வருஷம் ஒரு கெஸ்ட் ஹவுஸ் கிச்சனில் கடாய் தேய்த்தவள் நான். மீன் பொரித்த கடாய், கோழி பொரித்த கடாய், பூரி போட்ட கடாய் எல்லாம் கைக்குத் தெரியும். எண்ணெயைச் சாய்த்துப் பார்த்தால் எத்தனை தடவை அடுப்பேறியது என்று சொல்வேன். எங்கள் மேடம் மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து, சமையல் எண்ணெயிலிருந்து டிங்கிப் படகுக்கு எரிபொருள் செய்யப் போகிறேன் என்றபோது, பெரிய படிப்புப் படித்தவர்கள் பலர் வேலை கேட்டு வந்தார்கள். மேடம் எண்ணெய்க் கிண்ணம் ஒன்றை எல்லோர் முன்னாலும் நீட்டினார். மற்றவர்கள் பார்த்தார்கள். நான் முகர்ந்து, இரண்டு விரலில் தேய்த்து, "நாலு நாள் வாழைக்காய் பஜ்ஜி, அஞ்சாம் நாள் சூரை மீன்" என்றேன். அன்றைக்கே வேலை கிடைத்தது.

லேபில் நடப்பதை மேடம் உங்களுக்குச் சொல்லித் தருவார். எனக்குப் புரிந்தவரை, பொரித்துக் கறுத்த எண்ணெயை வடிகட்டிச் சூடாக்கி மருந்து சேர்த்துக் கலக்கி அசையாமல் வைத்தால் கசடு அடியில் உட்காரும். மேலே நிற்பதைக் கழுவி, ஈரம் போக்கினால் டீசல் இன்ஜினில் ஊற்றலாம். புகை குறைவு. படகுக்குப் பின்னால் பஜ்ஜி வாசனை வரும் என்று ஆட்கள் சொல்வது கேலிதான், ஆனால் கொஞ்சம் வரும்.

இதோடு இன்னொரு வேலையும் இருந்தது. தேய்ந்துபோன டிங்கி இன்ஜின்களைப் பிரித்து, கெட்டதை மாற்றி, நல்லதை வைத்துக்கொண்டு மறுபடி கட்டுவது. மேடம் சொல்லும் கார்பன் விவகாரம் எனக்கு எட்டாது. மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வருகிற புது இரும்பு குறைந்தால் அந்த மட்டுக்குப் புகையும் குறையும் என்பது வரை எட்டும். அந்த இன்ஜின் ஷெட்டில் ஒரு வங்காளி மிஸ்திரி இருந்தார். அவரிடம் நான் கற்றது ஒன்றுதான், அது பின்னால் வரும். கட்டி முடித்த ஒவ்வொரு இன்ஜினிலும் அவர் ஒரு தகரத் துண்டைத் தொங்கவிடுவார். பழைய பாகத்துக்கு ஒரு வட்டம், புதிதாகப் போட்டதற்கு ஒரு புள்ளி. எதற்கு இந்த அலங்காரம் என்று கேட்டேன். வாங்குகிறவன் இன்ஜினைப் பிரித்துப் பார்க்க மாட்டான் அக்கா, உள்ளே இருப்பதை நான்தான் வெளியே சொல்ல வேண்டும் என்றார் ஹிந்தியில். சரி, மனிதருக்குத் தகரம் அதிகமாகக் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஆப் விஷயத்துக்கு வருகிறேன். என் தப்பு அங்கேதான் ஆரம்பம்.

கிச்சன்கள் எண்ணெய் சேர்ந்ததும் போனில் தெரிவிக்க ஒரு ஆப் செய்தார்கள். அதைச் செய்தவர் தாடி வைத்த ஒரு தெலுங்குக்காரர். நாங்கள் ஆப் சார் என்போம். அவர் முதலில் வைத்தது ஏழு கேள்வி. பெயர் என்ன, இடம் எது, என்ன எண்ணெய், எத்தனை லிட்டர், எத்தனை தடவை காய்ந்தது, அதில் என்ன பொரித்தீர்கள், எப்போது வந்து எடுக்கலாம். ஒருத்தரும் அதைத் தொடவில்லை. ஆப் சார் நெட்வொர்க் சரியில்லை என்றார், மொழி பிரச்சினை என்றார், வங்காளியில் ஒன்று, தெலுங்கில் ஒன்று செய்து பார்த்தார். அப்போதும் தொடவில்லை.

நான் நாலு கிச்சனில் போய்ச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். மொழியும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை. கையில் மாவு. பஜ்ஜி போடுகிறவளுக்கு மாவு ஒட்டாத விரல் ஒன்றுதான் இருக்கும். அந்த விரலுக்கு ஏழு கேள்வி தாங்காது. திரும்பி வந்து, இரண்டு கேள்வி போதும், எத்தனை லிட்டர், எப்போது வரட்டும், மற்றதெல்லாம் தூக்குங்கள் என்று சொன்னேன். மேடம் யோசித்தார். என்ன பொரித்தார்கள் என்பது வேண்டாமா என்று அதை மட்டும் திரும்பக் கேட்டார்.

"அதை எதுக்கு மேடம் போன் கேக்கணும்? நான் பாத்துச் சொல்லிடுவேன்" என்றேன்.

தூக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆப் எப்படிப் பரவியது என்று ஆப் சாரைக் கேளுங்கள், இன்றும் முகம் மலரும். பஜார் முழுக்க, ஜங்லிகாட், ஹட்டோ, எல்லா இடத்திலும் கிச்சன்கள் தட்ட ஆரம்பித்தன. திக்லிபூரில் ஒரு அம்மா எப்படியோ அதை இறக்கிக்கொண்டு, ஐந்து லிட்டர் இருக்கிறது, இன்று மத்தியானம் வாருங்கள் என்று அழுத்தினார். பஸ்ஸில் போனாலே அன்றைய பொழுது போய்விடும் என்று நான் போன் போட்டுச் சொன்னேன். அப்படியானால் நாளைக்கு வாருங்கள் என்றார். மீட்டிங்கில் மேடம் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். நான் உட்காரக் கொஞ்சம் தாமதித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கவனியுங்கள். கிச்சன் இருபதாக இருந்தபோது ஒவ்வொரு கேனையும் நான் திறந்து பார்த்தேன். அறுபது எழுபது ஆனபோது ஆட்டோவில் ஏற்றி நேரே பெரிய டிரம்மில் கவிழ்த்தோம். நான் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்ற வாக்கு மட்டும் மிஞ்சியது. பார்ப்பது நின்றுபோனது. எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் எண்ணெயை ஊற்றி ஓட்ட முதலில் படகு கொடுத்தவர் காதர் பாய். பஜாரில் அவர் அண்ணனுக்கு மளிகைக் கடை. அந்தச் சாமான்களை ஜங்லிகாட்டிலிருந்து அக்கரைக் கிராமங்களுக்குக் கொண்டுபோவது இவருடைய டிங்கி. மிஸ்திரி கட்டிய இன்ஜின் அதில்தான் ஏறியது. தகரத்தைத் துடைத்துத் துடைத்து எல்லோருக்கும் காட்டுவார். முதல் நாள் கேனைத் தூக்கும்போது, மேடத்துக்காக இல்லை, ஆப்புக்காக இல்லை, அக்கா சொன்னதால் ஊற்றுகிறேன் என்றார். அவர் ஊற்றியதைப் பார்த்துத்தான் அவர்கள் ஜமாத்துக் கிச்சன்கள் எல்லாம் எனக்குக் கதவு திறந்தன.

ஒரு நாள் மெயின்லேண்டிலிருந்து நாலு பேர் வருவதாக இருந்தது. ப்ராஜெக்ட் தொடருமா, கடையைக் கட்டுவதா என்று சொல்லப்போவது அவர்கள்தான். பத்து மணிக்கு ஜங்லிகாட் படகு ஜெட்டியில் காதர் பாயின் டிங்கியில் அவர்களை ஏற்றி ஒரு சுற்றுக் காட்ட வேண்டும். புது எண்ணெய் முந்தின சாயந்தரமே ஜெட்டிக்குப் போய்விட்டது. நான் காலையில் ஷெட்டுக்குப் போய்க் காலிக் கேன்களைக் கழுவ உட்கார்ந்தேன். ராத்திரி முழுக்க மழை பெய்து காற்று சில்லென்று இருந்தது.

நண்டுக் கேனின் உள்வாயில் வெள்ளையாக ஒரு வளையம் கட்டியிருந்தது.

தேங்காய் எண்ணெய் குளிருக்கு உறையும், உங்களுக்கும் தெரியும். ஆனால் தேங்காய் எண்ணெய் விரல் சூடு பட்டதும் ஓடிவிடும். இது ஓடவில்லை. முகத்துக்குப் பூசும் க்ரீம் மாதிரி விரலோடு இழுபட்டது. முகர்ந்தேன். கெஸ்ட் ஹவுஸில் இரண்டு தடவை வெந்நீர் ஊற்றினாலும் விடாத கடாய் ஒன்று உண்டு. அந்த வாசனை. பன்றிக் கொழுப்பு.

நண்டு ரூத்துடையது. ரூத் கார் நிக்கோபார் பெண். ஹட்டோவில் கப்பல் ஜனங்களுக்குச் சாப்பாடு போடுகிற சின்னக் கடை வைத்திருக்கிறாள். எங்களிடம் சேர்ந்தபோது மீனும் வாழைப்பழப் பஜ்ஜியும்தான் பொரித்தாள். இப்போது வேறு ஏதோ பொரிக்கிறாள். அதில் என்ன தப்பு? அவள் கடை, அவள் ஜனங்கள். ஆப்பில் எத்தனை லிட்டர் என்று கேட்டோம், சொன்னாள். எப்போது வரட்டும் என்று கேட்டோம், அதையும் சொன்னாள். கேட்காததை எப்படிச் சொல்வாள்? அந்தக் கேன் டிரம்மில் விழுந்து, அறுபது கிச்சன் எண்ணெயோடு கலந்து, எரிபொருளாகி, காதர் பாயின் படகில் உட்கார்ந்திருந்தது.

மேடத்துக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வந்தவர்களோடு வண்டியில் இருந்தார். ஷெட்டில் ஆப் சார் மட்டும்தான். விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், பதறாமல் யோசித்தார். அது இப்போது கொழுப்பே இல்லை அக்கா, மருந்து சேர்ந்ததும் வேறு பொருளாக மாறிவிட்டது, பன்றியும் இல்லை மீனும் இல்லை, கெமிஸ்ட்ரிப்படி எல்லாம் ஒன்று, டெமோ முடியட்டும், சாயந்தரம் நிதானமாகச் சொல்லுவோம் என்றார்.

"இதை நீங்க பாய்கிட்ட சொல்லுவீங்களா சார்?"

அவர் தாடியைச் சொறிந்தார். நான் ஆட்டோ பிடித்தேன்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். ஆட்டோவில் போகிற வழியெல்லாம் நான் உண்மையைச் சொல்வதைப் பற்றி நினைக்கவில்லை. நல்ல பொய் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். இன்ஜின் நாஸில் அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது பாய், இந்த எண்ணெயை இறக்கிவிட்டு இன்று டீசல் போடுவோம் என்று சொன்னால் முடிந்தது. அவருக்கும் மனவருத்தம் இல்லை, எனக்கும் கெட்ட பேர் இல்லை. பொய் நன்றாகத்தான் அமைந்தது. இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஜெட்டிக்குப் போனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. பாய் சீக்கிரமே வந்து ஊற்றி, சூடாக்க ஓடவிட்டிருக்கிறார். எண்ணெய்க் கையை லுங்கியில் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு, காகிதத்தில் இருந்த பரோட்டாவைப் பிய்க்கப் போனார்.

"பாய், சாப்பிடாதீங்க. கையக் கழுவுங்க."

"அரே அக்கா, கிச்சன விட்டு வந்தும் உங்களுக்குக் கிச்சன் புத்தி போகல. டீசல் கை பட்டாத்தான் பரோட்டாக்கு ருசி."

பக்கத்துப் படகுக்காரர்கள் சிரித்தார்கள். நான் பொய்யைச் சொல்ல வாயைத் திறந்தேன். இன்ஜின் குலுங்கக் குலுங்க மிஸ்திரியின் தகரம் ஆடிக்கொண்டிருந்தது. வட்டமும் புள்ளியும். இரும்புக்கே அந்த மனிதர் இவ்வளவு பார்த்தார்.

படகில் இறங்கி அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "இந்த எண்ணெயில பன்னிக் கொழுப்பு கலந்துருக்கு பாய். நான் பாக்காம விட்டுட்டேன்."

அவர் பரோட்டாவை மடித்துக் கயிற்றுச் சுருள் மேல் வைத்தார். இன்ஜினை நிறுத்தினார். ஜெட்டிப் படியில் இறங்கிக் கையைக் கழுவினார். ஒரு தடவை மண்ணெடுத்துத் தேய்த்தார். எல்லாம் சேர்த்து ஏழு தடவை, அவர்கள் மார்க்க முறைப்படி. நான் எண்ணிக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்வது. திரும்பி வந்தவர், முன்னால் ஊற்றியதிலும் இருந்ததா என்று கேட்டார்.

"தெரியாது பாய். கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"நாஸில் ரிப்பேர்னு ஏதாச்சும் சொல்லிருக்கலாமே அக்கா. எனக்கு எங்க தெரியப்போவுது?"

நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய்யை அவரே எடுத்துக் கொடுக்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அதான் பாய் சொல்லல" என்றேன்.

அதற்குள் வண்டி வந்துவிட்டது. மேடம் இறங்கும்போதே படகில் சத்தம் இல்லாததைக் கவனித்தார். ஓரமாகக் கூப்பிட்டுப் போய்ச் சொன்னேன். கேள்வியைத் தூக்கச் சொன்னது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மேடம் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தூக்கச் சொன்னது நீங்க, தூக்கினது நான். ஆளுக்குப் பாதி" என்றார். பிறகு நேரே அந்த நாலு பேரிடம் போய், இன்று எங்கள் எரிபொருளில் படகு ஓடாது, காரணம் இது என்று ஒளிக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர்களில் ஒரு வழுக்கைத் தலைக்காரர், இதை எந்த மெஷினில் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். மேடம் என் வலது கையைப் பிடித்துத் தூக்கி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் காட்டினார். அவர் நம்பவில்லை. ஷெட்டுக்கு வந்து நண்டுக் கேனிலிருந்து தானே எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் தேய்த்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சோப்பு எங்கே, சோப்பு எங்கே என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ப்ராஜெக்ட் பிழைத்தது. அதனால் பிழைத்ததா, அதையும் மீறிப் பிழைத்ததா என்பதை மேடம் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் எனக்கு அன்று ப்ராஜெக்ட் பெரிதாக இல்லை. கேட்டு வந்து சொல்கிறேன் என்று பாயிடம் சொல்லிவிட்டேன். ரூத்திடம் போனேன்.

ரூத்துக்குத் தமிழ் வராது, எனக்கு நிக்கோபாரி வராது, நடுவில் ஹிந்திதான். என் முகத்தைப் பார்த்ததும் என்னவோ என்று அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். கேட்டேன். ஆமாம், ஊரிலிருந்து கப்பலில் அக்கா வந்திருக்கிறாள், சனிக்கிழமை சனிக்கிழமை பன்றி போடுகிறோம், நல்ல வியாபாரம் என்றாள் சந்தோஷமாக. பிறகு காரணம் புரிந்ததும் அந்தச் சந்தோஷம் முகத்தை விட்டு இறங்கியது.

"தும் பூச்சா? ஒரு தடவையாவது பூச்சா?" என்றாள். நீ கேட்டாயா என்று.

நான் கேட்கவில்லை. அதை ஒப்புக்கொண்டேன். அப்படியானால் இனிமேல் என் கேன் மட்டும் தீண்டத்தகாத கேனா என்றாள். அது எனக்கு ஊசி மாதிரி இறங்கியது. பாயிடம் சொன்னது சுலபம், இவளிடம் பேசியதுதான் கஷ்டம். உன் எண்ணெயில் தப்பு இல்லை ரூத், யார் படகுக்கு எது போக வேண்டும் என்று பார்க்காதது என் தப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் தேநீர் வைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு, முதல் சனிக்கிழமை எண்ணெய் எங்கே போனது என்று கேட்டேன். அது பாய் முன்னால் ஊற்றிய எண்ணெயின் டிரம்மில் சேர்ந்திருக்கலாம், அதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. ரூத் யோசித்தாள். பாதியைக் கொட்டிவிட்டேன், மீதியைக் கேனில் ஊற்றினேனா, மறுநாள் மீன் பொரித்தேனா, ஞாபகம் இல்லை என்றாள். அவள் அக்காவையும் கூப்பிட்டுக் கேட்டாள். அவளுக்கும் ஞாபகம் இல்லை.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று அவளிடம் கெஞ்சலாம் போல இருந்தது. கேட்டால் சொல்லியிருப்பாள், நல்லவள். நான் கேட்கவில்லை.

பஜாரில் அண்ணன் கடையில் பாய் உட்கார்ந்திருந்தார். மேடமும் கூட வந்தார். மேடம் முதலில், அது வேதியியலில் எப்படி வேறு பொருளாக மாறுகிறது என்று பொறுமையாக, மரியாதையாகச் சொன்னார். பாயும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"உங்க பாட்டில்ல மாறிடுச்சு மேடம். எனக்குள்ள இன்னும் மாறல" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். தெரியாது பாய், இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அவளுக்கு ஞாபகம் இல்லை என்றேன்.

"தெரியாதுன்னு சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"ஆமா பாய்."

அவர் ஒரு பொட்டலத்தைக் கட்டி வாடிக்கையாளரிடம் கொடுத்தார். நாங்கள் எழுந்து வந்தோம். மறுநாளிலிருந்து படகைக் கரையேற்றி, டேங்கைக் கழற்றி, இன்ஜினைத் துடைத்து, பலகையைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தார் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் டீசலில் ஓட்டினார். அவர்கள் ஜமாத்துக் கிச்சன்கள் ஆப்பைத் தட்டுவது நின்றது. ஆப் சார் ஒரு படம் போட்டுக் காட்டினார், கோடு ஏறி ஏறி வந்து தொப்பென்று விழுந்திருந்தது. எனக்குக் கோடு படிக்க வராது, ஆனால் அது யாருடைய கோடு என்று தெரியும்.

அந்த விழுந்த கோட்டை நான் காலால் தூக்கினேன். ஒவ்வொரு கிச்சனாக நடந்து, நடந்தது இது, தப்பு என்னுடையது, இனி உங்களிடம் இன்னும் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்போம் என்று வாயால் சொன்னேன். சிலர் காது கொடுத்தார்கள், சிலர் கதவைப் பாதி திறந்து வைத்துக் கேட்டார்கள். ஒரு அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, நல்லது, போய் வா என்றார். போய் வந்தேன், மறுபடி போனேன்.

ஆப்பில் மூன்றாவது கேள்வி ஏறியது. எழுத்து இல்லை, படம்தான். மீன், கோழி, ஆடு, மாடு, பன்றி, வாழைப்பழம், பூரி. மாவு ஒட்டாத அந்த ஒரு விரலுக்கு ஒரு தட்டு. மூன்று கேள்வி என்றால் ஜனங்கள் விட்டுவிடுவார்கள் என்று நான் பயந்தேன். நடந்தது என்ன தெரியுமா? எண்ணெய் எத்தனை லிட்டர் என்று கேட்டபோது அலுத்துக்கொண்டவர்களுக்கு, என்ன பொரித்தாய் என்று கேட்டதும் வாய் ஓயவில்லை. படத்தை அழுத்திவிட்டுப் போன் போட்டுச் சொன்னார்கள், இன்றைக்கு மீன் கொஞ்சம் உப்புக் கூடிப்போச்சு என்று. சமைக்கிறவளிடம் அவள் சமையலை யார் கேட்கிறார்கள் சொல்லுங்கள். இத்தனை வருஷம் கடாய் தேய்த்த எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

ரூத்தின் எண்ணெய்க்கும் அது மாதிரி மற்ற நாலைந்து கடை எண்ணெய்க்கும் தனி டிரம். அது ரூத்தின் அண்ணன் டிங்கிக்குப் போகிறது. அவர் இன்ஜின்தான் இந்தக் கரையிலேயே வேகமாக ஓடுகிறது என்று ரூத் சொல்லிக்கொள்கிறாள். மிஸ்திரியோ அப்படி இல்லை என்கிறார். அந்தச் சண்டையில் நீங்கள் தலையிடாதீர்கள்.

காதர் பாய் எப்படித் திரும்ப வந்தார் என்று கேட்பீர்கள். யாரும் கூப்பிடவில்லை. ஒரு மாதம் போயிருக்கும். காலையில் நான் கேன் கழுவிக்கொண்டிருக்கும்போது ஷெட் வாசலில் வந்து நின்றார், கையில் காலிக் கேன்.

"அக்கா, இன்னைக்கு என்ன சமையல்?"

நான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, அவருக்கான டிரம்மில் சேர்ந்திருந்த ஒவ்வொரு கேனையும் சொன்னேன். குடை, மீன். மணி, பூரி. ஏணி, கோழியும் வாழைக்காயும். கடைசி வரை நின்று கேட்டார். கேனை நீட்டினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பார், நான் சொல்வேன். சொல்லி முடிக்கும் வரை கேனை நீட்ட மாட்டார். இடையில் இரண்டு தடவை, மூடிகள் மாறி, எந்தக் கேன் யாருடையது என்று குழம்பிப்போய், இன்றைக்குத் தெரியாது பாய் என்று சொல்ல வேண்டி வந்தது. இரண்டு தடவையும் சரி அக்கா என்று போய் டீசல் போட்டுக்கொண்டார். இரண்டு தடவையும் சாயந்தரம் என் வீட்டுக்கு மீன் வந்தது. ஏன் அனுப்பினார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கேள்வி உங்களிடம் வரும். நாளைக் காலையிலேயே வரலாம். போனை எடுத்து அவருக்குப் படம் காட்டாதீர்கள், அவர் பார்க்க மாட்டார். கேனைத் திறந்து பாருங்கள், முகருங்கள், பிறகு வாயால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். உங்களுக்கும் மீன் வரும்.